விழிகள் முன்தள்ளுவது ஏன்?

வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போகிறோம். வாசலிலேயே அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, கண்ணு ரெண்டும் இப்படி முழிச்சிக்கிட்டு நிக்குது?" என்கிறார். கூடவே இருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் படாத மாற்றம் அவருக்குப் பட்டுவிடுகிறது. தினமும் பார்க்கும் முகத்தில் மெள்ள வரும் வித்தியாசம் தெரிவதில்லை. அத்தை சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கே இந்தக் கட்டுரை.

கண்குழி என்பது ஏழு எலும்புகள் சேர்ந்து அமைத்த கூம்பு வடிவப் பள்ளம். கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் கண் எடுத்துக்கொள்வது 7 மில்லி அளவுதான். மீதி இடத்தில் கொழுப்பு, கண்ணை அசைக்கும் தசைகள், ரத்தக் குழாய்கள், பார்வை நரம்பு ஆகியவை இருக்கின்றன. சுற்றிலும் எலும்பு, திறப்பு முன்பக்கம். உள்ளே எது வீங்கினாலும் கண் முன்னால்தான் வந்தாக வேண்டும். ஆகவே விழிப்பிதுக்கம் பெரும்பாலும் கண்ணின் நோயல்ல, கண்ணுக்குப் பின்னால் நடப்பதன் அடையாளம்.

பெரியவர்களிடம் இதற்கு முதல் காரணம் தைராய்டு. 1835-ல் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்ததால் இதற்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டையும் கண்குழித் தசைகளையும் தாக்குகிறது. மேலிமை ஏறிக்கொள்ளும், கண் உறுத்தும், சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களுக்கு வந்தால் கடுமை அதிகம். சிகரெட் இதை மோசமாக்கும். ஒரு கண்ணில் மட்டும்கூட வரலாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. மூக்கை ஒட்டிய சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. சளி பிடித்த குழந்தைக்குக் காய்ச்சலோடு இமை சிவந்து வீங்கி, கண்ணை அசைக்க வலித்தால், கிருமி அந்தச் சுவரைத் தாண்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கண்மணியில் வெள்ளையாக ஒளி தெரிந்தால் விழித்திரைப் புற்றாக இருக்கலாம். கண் பிதுங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சர்க்கரை நோயாளிகளைத் தாக்கும் கறுப்புப் பூஞ்சையை 2021-ல் நாடே பார்த்தது. அதுவும் சைனஸ் வழியாகவே கண்குழிக்கு வருகிறது.

பயப்படத் தேவையில்லாததும் உண்டு. அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்குக் கண்ணே நீண்டிருப்பதால் முன்தள்ளியது போலத் தோன்றும். சிலருக்குப் பரம்பரையாகவே பெரிய கண்கள். சந்தேகம் தீர, நாலைந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

தைராய்டு பாதிப்பு லேசாக இருந்தால் சொட்டு மருந்து போதும். கடுமையானால் ஸ்டீராய்டு ஊசி. பார்வை நரம்பு நசுங்கினால் எலும்புச் சுவரைத் திறந்து இடம் உண்டாக்கும் ஆபரேஷனும் தேவைப்படலாம்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம்: "இங்க பாஷை தெரியாம டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்றது? லீவுல ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம்." மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா எல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் பார்வை மங்கினாலோ, நிறம் வெளிறித் தெரிந்தாலோ, வலியும் காய்ச்சலும் இருந்தாலோ ரயில் டிக்கெட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. டெல்லியில் எய்ம்ஸ் கண் மையம், ஹைதராபாத்தில் எல்.வி.பிரசாத் என்று நாம் வாழும் ஊர்களிலும் நல்ல இடங்கள் இருக்கின்றன. பாஷை வராவிட்டால் பழைய போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள். பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும்.