கணவாய்ப் பெயர் கொண்ட சேமிப்பகம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஓட்டுக்கணவாயும் ஊசிக்கணவாயும் கூடை கூடையாக வந்து இறங்கும். அந்தக் கணவாய் இனத்தின் அறிவியல் பெயரில் முதல் துண்டை எடுத்து ஒரு சேமிப்பு மென்பொருளுக்குச் சூட்டியிருக்கிறார்கள்: செஃப். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் சேஜ் வீல் என்பவரின் முனைவர் பட்ட ஆய்வாகப் பிறந்தது. 2006-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. இன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அதைப் பயன்படுத்துகிறது.

பெயர் பொருத்தமானதுதான். அதே இனத்தைச் சேர்ந்த பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளில் இருக்கிறது. செஃப்பிலும், எந்தத் தரவு எந்த வட்டில் என்று சொல்ல ஒற்றைக் கணக்குப்பிள்ளை இல்லை. ஒவ்வொரு கணினியும் ஒரு விதியைக் கொண்டு தானே கணக்கிட்டுக்கொள்ளும். நம் கண்ணுக்கு ஒரே வட்டு. உள்ளே அது 4 எம்.பி. துண்டுகளாகப் பல கணினிகளில் சிதறிக் கிடக்கிறது. 1 டி.பி. வட்டென்றால் சுமார் இரண்டரை லட்சம் துண்டுகள். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள்.

கோடிக்கணக்கான கோப்புகளை இதில் காப்பு நகலாக எடுக்கத் தொடங்கியவர்கள் முதலில் சொல்வது, "ரொம்ப மெதுவா இருக்கே!" வட்டின் மேல் பழி இல்லை. எழுதியது மூன்று படிகளிலும் பதிந்ததாக வலைவழியே பதில் வந்த பிறகுதான் அந்த வேலை முடியும். ஒரு தடவை எழுதுவது சிறிதானாலும் அந்தப் பதிலுக்கான காத்திருப்பு பெரிதாகக் குறையாது. வ.உ.சி. துறைமுகத்தின் பாரந்தூக்கி ஒரு தூக்கில் ஒரு கண்டெய்னரையே இறக்கும். அதே கொக்கியில் உப்பு மூட்டையை ஒவ்வொன்றாக மாட்டினால் கப்பல் என்றைக்குக் கரையை விட்டுக் கிளம்பும்?

ஆகவே சிறு கோப்புகளைப் பெரிய பொதிகளாகக் கட்டி அனுப்ப வேண்டும். ஒரே வரிசையில் அனுப்பாமல் பல வரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். திரும்பப் படிக்கும்போது லினக்ஸ் முன்கூட்டியே எடுத்து வைக்கும் அளவு பெரும்பாலும் 128 கே.பி.தான், அதை 4 எம்.பி.க்கு மேல் உயர்த்தினால் பல வட்டுகள் ஒன்றாக உழைக்கும். மூல வட்டும் செஃப்பிலேயே இருந்தால் இன்னும் நல்லது. நேற்றைய நிலைக்குப் பின் மாறிய துண்டுகளை மட்டும் அதுவே எடுத்துத் தரும். கோப்புறை கோப்புறையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. என் பார்வையில் மற்ற எல்லா முடுக்கத்தையும்விடப் பெரிய ஆதாயம் இதுதான்.

மூன்று படிகள் இடத்தைத் தின்னும். நான்கு துண்டுக்கு இரண்டு சரிபார்ப்புத் துண்டு என்று வைத்தால் ஒன்றரை மடங்கு இடம் போதும். இரண்டு வட்டுகள் போனாலும் தரவு பிழைக்கும். கோப்புகளை அழித்ததும் டிரிம் கட்டளை கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் இடம் திரும்பாது. வட்டுகள் 85 விழுக்காடு நிரம்பினால் செஃப் எச்சரிக்கும், 95-ல் எழுதுவதையே நிறுத்திவிடும்.

எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799-ல் விழுந்தது. 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து அதே இடத்தில் அதை மறுபடி எழுப்பினார். அந்த மே மாதமே அதுவும் விழுந்தது. ஒரே அறையில் இருக்கும் மூன்று படிகளுக்கும் அதே கதிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது; தூத்துக்குடித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. உங்கள் காப்பு நகலில் ஒன்றை வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.