சில்லில் ஓடும் கோடு

1930களில் அமெரிக்காவில் உருவான கார்கள் பலவற்றின் சில்லுகளில் மெல்லிய வண்ணக்கோடு ஒன்று வட்டமாய் ஓடும். அவ்வண்டிகளைப் புதுக்குவோர் சிலர் இன்றும் அதனை வீட்டிலேயே கையால் தீட்டுகின்றனர். ஈண்டு ஓடுவது கையன்று, சில்லே. வண்டியை உயர்த்திச் சில்லைத் தன் அச்சிலேயே மெல்லச் சுழற்றுவர். கையைப் பலகையில் ஊன்றி, நீண்ட அணில்மயிர்த் தூரிகையை அசையாது பிடிப்பர். தேர்ச்சில்லையும் குயவன் சக்கரத்தையும் திகிரி என ஒரு சொல்லாலேயே வழங்கினர் நம் முன்னோர், எத்துணைப் பொருத்தம்!

ஒட்டுநாடாவை எல்லையாக ஒட்டித் தீட்டுவோரும் உளர். அக்கோடு பிழையற்றது, ஆயினும் உயிரற்றது என்பேன். கைக்கோட்டுக்கு இடர் நேர்வது, தொடங்கிய இடத்தில் முடிவு வந்து கூடும்போதுதான். நூலளவு விலகினும் கண் அதனைக் கண்டுவிடும். எனாமல் மெல்லக் காய்வதாதலின், அடிப்பூச்சு நன்கு இறுகியிருப்பின், ஈரம் புலருமுன் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.