நடக்கும் கதியால்

கிளுவைக் கதியாலுக்குக் கால் இல்லை. ஆனாலும் வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு சாண் நடக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பகிடி. பண்டத்தரிப்பில் அப்படி ஒரு கதியால் நடந்து, வாய்ச்சண்டை முற்றி, ஒரு பெரியவர் உறுதியையும் கையில் எடுத்துக்கொண்டு இளவாலைப் பொலிசுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். “காணி என்ரை எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ ஐயா.”

அதைச் சொல்லப் பொறுப்பதிகாரிக்கு அதிகாரம் இல்லை. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் தொட்டு பொலிசின் வேலை அமைதி காப்பதும் குற்றம் தடுப்பதும்தான். காணிக்காரரைக் கண்டுபிடிப்பது அதில் இல்லை.

பெரியவரைத் தள்ளி விழுத்தியிருந்தால் அது வேறு கதை. குற்றம் நடந்ததென்று வாயால் சொன்னால், சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. எழுத வராத அலுவலர், நீங்களே உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். வாசிக்கச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு ஏனோ வெட்கம். ‘தள்ளினார்’ என்றது ‘அடித்தார்’ என்று எழுதப்பட்டிருந்தால் அந்த வாசிப்பில்தான் பிடிபடும்.

வேலிக்கு வருவோம். காணித் தகராறு கைகலப்பில் முடியும் போலிருந்தால், அதே ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு கைகொடுக்கும். பொலிஸ் விசாரித்து, தாமதிக்காமல் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்; இந்தப் பக்கத்துக்கு அது மல்லாகம். பொலிஸ் கொடுக்காவிட்டால் தகராற்றில் உள்ளவரே சத்தியக்கடதாசியோடு போகலாம்.

விசித்திரம் இனித்தான். அந்த நீதிமன்றமும் காணி யாருடையது என்று தீர்ப்பதில்லை. அறிக்கை போன அன்று காணி யார் கையில் இருந்தது என்றுதான் பார்க்கும். அப்படியானால் இரவோடிரவாக வேலியை நகர்த்தியவருக்கு வெற்றியா? இல்லை. அறிக்கைக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், வெளியேற்றப்பட்டவர் கைக்கே காணி திரும்பும். சொந்தம் யாருக்கு என்பதைப் பிறகு குடியியல் வழக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பெரியவரின் உறுதியை மேசையில் ஒதுக்கி வைத்துவிட்டு அலுவலர் கேட்பது ஒன்றைத்தான்: கதியாலை எண்டைக்கு நகர்த்தினவை?

“சரசுவதி பூசைக்கு முதல் நாள், ஐயா.”

அவர் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்க்கிறார்.