வயல் சிவப்பாகத் தெரிந்தால் பயிர் போச்சா?

சம்பா நட்டு ஐம்பது நாள் ஆன வயலின் செயற்கைக்கோள் படம் இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதில் சிவப்பைக் கண்டதும் 'பயிர் போச்சு' என்று பதறுகிறவர்கள் டெல்டாவில் உண்டு. அது எந்தச் சிவப்பு என்று முதலில் பார்க்க வேண்டும்.

பச்சைப் பயிர், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அந்தக் கதிருக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது பழைய வழக்கம். அப்படிப்பட்ட படத்தில் செழித்த நெல் செக்கச்செவேல் என்றும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகவும் இருக்கும். 'என்.டி.வி.ஐ.' என்ற பசுமைக் குறியீட்டுப் படத்திலோ பெரும்பாலும் தலைகீழ். செழித்ததற்குப் பச்சை, மெலிந்ததற்கு மஞ்சள், பயிரில்லாத இடத்துக்குச் சிவப்பு. ஒரே வயல், ஒரே நாள், இரண்டு சிவப்பு!

நிறத்தை ஒப்பிடுவது நெல் விவசாயிக்குப் புதிதல்ல. இலை வண்ண அட்டையில் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே போனால்தான் யூரியா. படத்தின் ஓரத்திலும் அதுபோல எண் போட்ட நிறப்பட்டை இருக்க வேண்டும். பட்டை 0.6-ல் தொடங்கி 0.8-ல் முடிந்தால், 0.6 உள்ள நல்ல வயல்கூட ரத்தச் சிவப்பாகக் காட்டும். பட்டையும் தேதியும் இல்லாத படத்தை நம்பி உரமோ மருந்தோ போடுவது வீண் செலவு.

தேதி ஏன் முக்கியம்? தை மாதம் கதிர் முற்றும்போது பசுமைக் குறியீடு தானாகவே இறங்கும். அது சேதமல்ல. வெள்ளத்துக்கு முன் எடுத்த படம் பச்சையாக இருந்தால், அது சேதமில்லை என்பதற்குச் சாட்சியும் அல்ல. கோரை மண்டிய வயலும் பச்சைதான். இழப்பீடு பேசும் இடத்தில் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் சாதாரணப் படம் உதவாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டுதான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணக்கிடுகிறது. நட்ட புதிதில் தண்ணீர் நின்ற வயல் ரேடாரில் இருட்டாகவும், பயிர் வளர வளர வெளிச்சமாகவும் தெரியும். மூன்று தேதிப் படங்களுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் கொடுத்து ஒன்றாக அடுக்கினால், முன்பட்ட நடவும் பின்பட்ட நடவும் வேறு வேறு நிறத்தில் பிரிந்து நிற்கும். இங்கே நிறம் சொல்வது நலத்தை அல்ல, காலத்தை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் ஊருக்குச் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு மஞ்சளிலிருந்து கருநீலம் வரை செல்லும் பட்டை தோது. செயலியில் அந்த வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு மா நிலத்துக்குப் பதின்மூன்று புள்ளிகள்தான் தேறும். வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். நடுவில் உள்ளவற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நிறம் மாறிய இடத்துக்கு நேரில் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.