வரைபடத்தைத் திருப்புவது யார்?

அண்மையில் ஒரு பள்ளிக்கு உரையாற்றச் சென்றிருந்தேன். பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் தமிழில் கூறுமாறு ஒரு மாணவரைக் கேட்டேன். நாள்தோறும் அவ்வழியே நடந்து வருபவர் அவர். சற்று எண்ணிப் பார்த்தார். பின்னர்த் தம் திறன்பேசியை எடுத்து என்முன் நீட்டினார். வழி திரையில் இருந்தது. அவர் மனத்தில் இருந்ததா என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பொருள்கள் எங்கே உள்ளன, ஒன்றுக்கொன்று எவ்வாறு அமைந்துள்ளன, திருப்பினால் எவ்வாறு தோன்றும் என்பவற்றை அறிந்துகொள்வதே இடஞ்சார் கற்றல். வடிவியல், வரைபடக் கலை, வேதியியல், அறுவை மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் இது அடிப்படை. இத்திறன் பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது என்று முன்னர்ப் பலர் கருதினர். டேவிட் அட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு அக்கருத்தை மறுக்கிறது. பயிற்சியால் இத்திறன் வளரும். வளர்ந்தது நிலைக்கவும் செய்யும்.

பயிற்சி என்பது எது? 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் நடத்திய ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. கனசதுரங்களால் ஆகிய இரு உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று வினவினர். ஓர் உருவம் மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருந்ததோ, அதற்கேற்ப விடை கூறும் நேரமும் சீராக நீண்டது. கையால் ஒரு பொருளைத் திருப்புவதுபோல மனமும் உருவத்தைத் திருப்பிப் பார்க்கிறது என்பது இதனால் புலனாயிற்று. இதனை மனச்சுழற்சி என்பர். இதற்கு நேரமும் முயற்சியும் தேவை, அம்முயற்சியே பயிற்சி.

இனித் திறன்பேசியின் வரைபடத்தை நோக்குவோம். நாம் வலப்புறம் திரும்பினால் அதுவும் உடன் திரும்பி, நாம் செல்லும் திசையை எப்போதும் மேலே காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். மனம் செய்யவேண்டிய சுழற்சியைக் கருவி செய்துவிடுகிறது. ஜப்பானில் தோரு இஷிக்காவா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைக்கோள் வழிகாட்டியுடன் நடந்தவர்கள், வழியை முன்னரே நேரில் நடந்து அறிந்தவர்களைவிட மெதுவாக நடந்தனர். அவர்கள் பின்னர் வரைந்த வழிப்படங்களும் தரத்தில் தாழ்ந்தன.

எனினும், மின்னிலக்கக் கருவியைப் பழிப்பது பிழை. டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மணி நேரம் விரைவான செயல்கள் நிறைந்த கணினி விளையாட்டை ஆடியவர்களின் மனச்சுழற்சித் திறன் உயர்ந்தது. பெண்களிடம் அவ்வுயர்வு மிகுதியாக இருந்தது. இரண்டிலும் இருப்பது திரைதான். ஒன்றில் கருவி முடிவெடுக்கிறது, கற்பவர் பின்தொடர்கிறார். மற்றொன்றில் கற்பவரே நோக்குகிறார், கணிக்கிறார், செயற்படுகிறார். ஆகவே, வரைபடத்தைத் திருப்புவது யார் என்பதே ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி.

இதில் மொழிக்கு என்ன பங்கு? ஷானன் புரூடன் முதலியோர் 52 குழந்தைகளை 14 மாத வயது தொடங்கி 46 மாதம் வரை வீட்டில் கவனித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோர் வடிவம், அளவு பற்றிய சொற்களை மிகுதியாகப் பேசிய வீடுகளில் குழந்தைகளும் அவற்றை மிகுதியாகப் பேசினர். அவ்வாறு பேசிய குழந்தைகள் நாலரை வயதில் இடஞ்சார் சோதனைகளில் சிறந்து விளங்கினர். சொல்லே திறனுக்கு முழுக் காரணம் என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆயினும் இரண்டும் இணைந்து வளர்வது தெளிவு.

தமிழைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. 1990களில் எரிக் பீடர்சன் மதுரை வட்டாரத்தில் ஆராய்ந்தபோது, சிறு பொருள்களின் இருப்பைக் கூறுவதற்கும் சிற்றூரார் பெரும்பாலும் வடக்கு, தெற்கு என்னும் திசைச் சொற்களை ஆண்டனர். நகரத்தார் இடம், வலம் என்றனர். ஒரே மொழிக்குள் வெளியைப் பார்க்கும் முறைகள் இரண்டு! மேற்கு என்பது 'மேல்' என்பதிலிருந்தும், கிழக்கு என்பது 'கீழ்' என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடல்நோக்கிச் சரியும் நிலத்தில், திசை காலடியிலேயே உணரப்பட்டது. அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்நிலச்சரிவு இல்லை. வீட்டிலும் அவர்கள் 'லெஃப்ட்', 'ரைட்' என்றே கேட்கின்றனர். ஆகவே, இச்சொற்கள் அவர்களைத் தமிழ் வகுப்பின் வழியாகவே சென்றடைய வேண்டியுள்ளது.

வகுப்பில் செய்யத்தக்கவை எளியவை. வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்குமாறு அமைத்து, 'அங்காடி முனையில் திரும்பியபின் நூலகம் எப்பக்கம் இருக்கும்?' என்று முதலில் கணிக்கச் செய்து, பின்னர்த் திரையில் சரிபார்க்கச் சொல்லலாம். இருவரை முதுகோடு முதுகு அமரவைத்து, ஒருவர் கட்டிய கட்டை உருவத்தை மற்றவர் சொல் கேட்டே கட்டுமாறு செய்யலாம். சுட்டிக்காட்ட வழியில்லாதபோது 'குறுக்கே', 'நேரெதிரே', 'ஓரத்தில்', 'வலஞ்சுழியாக', 'செங்குத்தாக' ஆகியவை தேர்வுக்குரிய சொற்களாக நில்லாமல், தேவையான கருவிகளாகிவிடும். திரையில் முப்பரிமாண உருவத்தைச் சுழற்றும்முன், அது எவ்வாறு தோன்றும் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதச் செய்வதும் நற்பயிற்சியே.

அம்மாணவரிடம் அன்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். "பள்ளி வாயிலில் நிலையத்தை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தம் எப்பக்கம்?" அவர் கண்களை மூடினார், கையை மெல்ல அசைத்தார். "இடப்பக்கம், சாலைக்குக் குறுக்கே" என்றார். விடை சரியாக இருந்தது. திறன்பேசி அவர் சட்டைப் பையில் இருந்தது.