உங்களுக்குத் தெரியுமா? லைசென்ஸைப் பறிக்கும் முன் காது கொடுத்தே ஆக வேண்டும்!

டெல்லி லோதி ரோடு என்றால் தோட்டமும் பழைய கல்லறைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னொரு லோதி ரோடும் இருக்கிறது! அங்கே இன்ஸ்டிடியூஷனல் ஏரியாவுக்குள் நடந்து பாருங்கள். 3-ஆம் எண் கட்டடம் காஸ்ட் அக்கவுன்டன்டுகளின் நிறுவனம். 22-ஆம் எண் கம்பெனி செக்ரட்டரிகளின் நிறுவனம். பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் இவர்கள்தான், தப்பு செய்தால் பெயரை அடிப்பதும் இவர்கள்தான். இரண்டும் ஒரே ஏரியாவில்!

இவற்றில் மூத்தது காஸ்ட் அக்கவுன்டன்ட் நிறுவனம். பிறந்தது 1944-இல். நாடு சுதந்திரம் அடைவதற்கு 3 ஆண்டுகள் முன்பு!

கம்பெனி செக்ரட்டரி மீது நீங்கள் ஒரு புகார் கொடுக்கிறீர்கள். பிறகு அவர் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசிவிட்டார். "சரி, வாபஸ்" என்று நீங்கள் சொன்னால் முடிந்ததா? முடியாது! ஒழுங்கு வாரியம் சம்மதித்தால்தான் வாபஸ். புகார் கொடுக்கும்வரைதான் அது உங்களுடையது!

புகாரின் நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து பதில் எழுத 21 நாள். கெஞ்சிக் கேட்டால் இன்னும் 30 நாள். அதற்குமேல் கிடையாது!

விசாரணையின் முதல் நாள் என்ன நடக்கும் தெரியுமா? குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லை உங்கள் தரப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். அச்சு அசல் கோர்ட்! ஆளைச் சம்மன் அனுப்பி வரவழைக்க, ஆவணங்களைக் கேட்டு வாங்க, சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரமே விசாரிக்கிற ஒழுங்குக் கமிட்டிக்கும் உண்டு.

கமிட்டியில் மொத்தம் 5 பேர். அதில் 2 பேரை மத்திய அரசு நியமிக்கும். சொந்தத் தொழில்காரர்கள் மட்டும் கூடி மூடி மறைத்துவிட முடியாது!

எதெல்லாம் தப்பு என்று பட்டியலைப் பார்த்தால் வாய் பிளப்பீர்கள். ஃபீஸைக் "கிடைக்கிற லாபத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசினால் தப்பு! உங்களுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருக்கு ஒரு கடிதம் எழுதாமல் அதே வேலையை ஏற்றுக்கொண்டால் அதுவும் தப்பு! ஒரே ஒரு கடிதம்!

2006 திருத்தம் வைத்த அபராத உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அதை 10 லட்சமாக உயர்த்த வழி வகுத்தது. ஆனால் பணம் பெரிதல்ல. ஆயுள் முழுக்கப் பெயரை நீக்கவும் அதிகாரம் உண்டு! அன்றே பெயருக்குப் பின்னால் இருக்கும் "ஏ.சி.எஸ்." போய்விடும். வாசலில் தொங்கும் பித்தளைப் பலகையைக் கழற்ற வேண்டும். மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டு கட்டு, அத்தனையும் வெறும் அட்டை.

அதனால்தான் நம் உச்ச நீதிமன்றம் 1986-இல் போட்ட போடு என்னைப் புல்லரிக்க வைக்கிறது! எல்.கே.ரத்னா வழக்கு. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டுகளை ஒழுங்குக் கமிட்டி விசாரித்து அறிக்கை தருகிறது. "குற்றவாளி" என்று முடிவு கட்டுவது கவுன்சில். அந்தக் கவுன்சில் மட்டும் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை! அதைவிட ஆச்சரியம், அறிக்கை எழுதிய கமிட்டியில் இருந்த தலைவரும் துணைத் தலைவரும் கவுன்சிலிலும் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். "ஹைகோர்ட்டில் அப்பீல் இருக்கிறதே, அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளட்டும்" என்றது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் நிறுவனம். நீதிபதி பதக் ஏற்கவில்லை. முதலில் அநியாயமாகத் தீர்த்துவிட்டு அப்பீலில் நியாயம் தருகிறோம் என்றால் செல்லாது! தொழில்காரனின் பெயர் ஒருமுறை கெட்டால் அப்பீலில் ஜெயித்தாலும் முழுசாகத் திரும்பாது. எவ்வளவு பெரிய உண்மை!

39 ஆண்டுகள் கழித்து டெல்லியில் அதே கதை! பெரிய ஆடிட் நிறுவனங்களுக்கு தேசிய நிதி அறிக்கை ஆணையம் ஷோ காஸ் நோட்டீஸ் அனுப்பியது. குறை கண்டுபிடித்தவர்களே தீர்ப்பும் சொல்வதா என்று 2025 பிப்ரவரியில் டெல்லி ஹைகோர்ட் கேட்டது. நோட்டீஸ்கள் ரத்து! வழக்கு அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆணையம் ஒரு ஆடிட்டரை எத்தனை ஆண்டு ஒதுக்கி வைக்கலாம் தெரியுமா? 10 ஆண்டு!

"கூப்பிட்டுக் கேள்" என்ற இந்தச் சட்டத்துக்குச் சாட்சி யார் தெரியுமா? ஆதாம்! 1718-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற மகா பண்டிதரின் பட்டங்களைப் பறித்தது. அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை ஆரம்பித்ததே 4 கினி காசு ஃபீஸில்! வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. பழம் தின்ற ஆதாமைக்கூடக் கடவுள் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தானே தண்டித்தார் என்றார் நீதிபதி. பட்டங்கள் திரும்பி வந்தன! 300 ஆண்டு ஆகியும் வக்கீல்கள் இதை எடுத்துச் சொல்கிறார்கள்.

வக்கீல் என்றதும் ஞாபகம் வந்தது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் தலைவர் பதவியில் இருந்தபோதே சன்னது எனும் வக்கீல் லைசென்ஸை இழந்தவர் உண்டு! பெயர் வி.சி.மிஸ்ரா. ஆண்டு 1995. கோர்ட் அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே 3 ஆண்டு தடை போட்டது. 1998-இல் 5 நீதிபதிகள் உட்கார்ந்து, "அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், சன்னதை நாமே பறிக்க முடியாது, அது பார் கவுன்சிலின் வேலை" என்றார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது!

சென்னையில் ஒரு வழக்கறிஞர். காது கேளாத ஒரு முதியவர் பிராமிசரி நோட்டு வழக்குப் போடச் சொல்லிப் பணம் கொடுத்தார். வழக்கே போடவில்லை! மாநில பார் கவுன்சில் 6 ஆண்டு தடை போட்டது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அதை 1 ஆண்டாகக் குறைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? தடையை இன்னும் சுருக்கிவிட்டு, 2,500 ரூபாயைத் திருப்பிக் கொடு, ஒரு வருஷம் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடு என்றது! தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர். எனக்கு மிகப் பிடித்த தண்டனை இதுதான்.

2016 ஜூலை. தமிழ்நாட்டில் ஒரே அடியாகத் தடை செய்யப்பட்ட வக்கீல்கள் 126 பேர்! தடை பிறகு விலக்கப்பட்டது.

வக்கீல் மீதான புகாரை மாநில பார் கவுன்சில் முடிக்க வேண்டிய கெடு ஒரு வருஷம். முடிக்காவிட்டால் ஃபைல் டெல்லியிலுள்ள பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போய்விடும்!

மறுபடி லோதி ரோட்டுக்கே போய், அதன் மேற்குக் கோடிக்கு வாருங்கள். சஃப்தர்ஜங் கல்லறை. பக்கத்திலேயே பழைய விமான நிலையம், அதற்கு எதிரே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. விமானிகளின் லைசென்ஸ் இவர்கள் கையில்! விமானம் ஏறும் முன் ஊதச் சொல்கிறார்கள். மதுவின் அளவு 0.000 இருக்க வேண்டும். முதல் முறை மாட்டினால் 3 மாதம் தடை. இரண்டாம் முறை 3 ஆண்டு. மூன்றாம் முறை லைசென்ஸே ரத்து! ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளிக்கவும் கூடாது!

உலகத்திலேயே பொறுமையான விசாரணைகளில் ஒன்று பிரிட்டனில் நடந்தது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு மீது மருத்துவக் கவுன்சில் விசாரித்தது 217 நாள்! 2010-இல் பெயர் நீக்கம். அதே விசாரணையில் பெயர் நீக்கப்பட்ட இன்னொரு டாக்டர் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2012-இல் அவர் மீதான தீர்ப்பு ரத்து! 217 நாள் கேட்டும் தவறு நேரும் என்றால், கேட்காமலே முடிவு செய்வது எவ்வளவு பெரிய ஆபத்து!

இதெல்லாம் ஆடிட்டர், டாக்டர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். அந்த டிரைவிங் லைசென்ஸ்! ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் அதுதான் சோறு. மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் லைசென்ஸ் அதிகாரி அதை முடக்க முடியாது! முடக்கினாலும் அப்பீல் செய்ய 30 நாள் உண்டு. நோட்டீஸ் வந்தால் பயந்து மடித்து வைக்காதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றே பதில் எழுத உட்காருங்கள்!