மேல்மூடியிற் கசியும் எண்ணெய்

இயந்திரம் பழுதுறும்போது வாய்திறந்து பேசுவதில்லை. எனினும் ஒலியாலும் புகையாலும் மணத்தாலும் கசிவாலும் தன் நிலையை அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அவ்வறிவிப்புக்களுள் மக்கள் பெரிதும் பொருட்படுத்தாதது எண்ணெய்க் கசிவாகும். எஞ்சின் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று கூறி அமைவோர் பலர். மற்றையோர் கசிந்த எண்ணெயைத் துணியால் துடைப்பர். அல்லது ஸ்பனரை எடுத்து மூடியின் போல்ற்றுக்களை இன்னும் இறுக்குவர். துடைத்தல் பரிகாரமன்று, இறுக்குதலோ பெரும்பாலும் பழுதை வளர்ப்பதாகும். ஏன் அவ்வாறாகின்றது என்பதையும், கசிவை நிறுத்தும் முறையாது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஒட்டுசுட்டான் கடலைக் காணாத ஊர். முத்தையன்கட்டுக் குளத்தை அண்டி வயல் விளைவிக்கும் நாடு. எனினும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரினூடாகச் செல்லுதலின், கடலும் கடற்றொழிலும் நமக்கு அயலானவை அல்ல. மேலும், கடலில் வள்ளத்தைச் செலுத்தும் டீசல் எஞ்சினும், இங்கே வயலுழும் உழவு இயந்திரத்தின் எஞ்சினும் ஒரே குலத்தவை. ஆதலின் ஒன்றைப்பற்றி அறிந்தவை மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஜெர்மானியப் பொறியியலாளரான ருடோல்ஃப் டீசல் என்பார் ஓக்ஸ்பேர்க் நகரில் 1897ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அது ஆளுயரத்தை விஞ்சிய பெரும் பொறியாயிருந்தது. சிறு தொழிலாளரும் கையாளத்தக்க சிறிய டீசல் எஞ்சினை யப்பானிய யன்மார் நிறுவனம் 1933இல் உருவாக்கியது. இலங்கைக் கடற்றொழிலிலே 1950களின் பிற்பகுதியிலிருந்து இருபத்தெட்டு அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் வள்ளங்கள் புகுந்தன. அவற்றின் உள்ளேயே டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. இன்று கரையோரத் தொழிலிற் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு எஞ்சினுமே பெருவழக்காயின. ஆயினும் ஆழ்கடலிற் பல நாட் தங்கித் தொழில்புரியும் கலங்களில் உள்ளிணைப்பு டீசல் எஞ்சினே இன்றும் உழைக்கின்றது.

இனி, கசிவு நிகழும் இடத்தின் அமைப்பைக் காண்போம். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டரினுட் புகுந்த காற்றை ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை பிஸ்ரன் ஒடுக்குகின்றது. அதனாற் பெருஞ் சூடுற்ற காற்றில் தெளிக்கப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கின்றது. காற்று உட்புகவும் புகை வெளியேறவும் சிலிண்டர்த் தலையில் வால்வுகள் உள. அவற்றை அமுக்கித் திறப்பது ரொக்கர் எனப்படும் நெம்புகோல். கிணற்றுத் துலாவின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்வதுபோல, கீழிருந்து தள்ளுகோல் ஒரு முனையை உயர்த்த மறுமுனை வால்வைத் தாழ்த்துகின்றது. இவ்வுறுப்புக்களுக்கு ஓயாது எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெய் சிதறாதிருக்கவும் வெளித்தூசும் உவர்நீரும் புகாதிருக்கவும் மேலே கவிக்கப்பட்டுள்ளதே ரொக்கர் கவர் என்னும் மேல்மூடி. மூடிக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே தக்கையாலோ இறப்பராலோ ஆன கஸ்கெற் ஒன்று கிடக்கும்.

இம்மூடியின்கீழ் எண்ணெய் பெரும் அமுக்கத்துடன் நிற்பதில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ரொக்கர்களை நனைத்த எண்ணெய் துளைகளின் வழியே கீழுள்ள தொட்டிக்குத் தானே வடிந்துவிடுகின்றது. ஆகவே, நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இம்மூடியை மிதமாக இறுக்கினாலே போதும். அவ்வாறிருந்தும் எண்ணெய் வெளிவருமாயின், அதற்குரிய காரணங்கள் மூன்றாம்.

முதலாவது, கஸ்கெற்றின் முதுமை. தக்கை காலப்போக்கிற் காய்ந்து சுருங்கும். இறப்பர் வெப்பத்தால் இறுகித் தன் நெகிழ்வை இழக்கும். நெகிழ்வற்றது மேடுபள்ளத்தை நிரப்பமாட்டாது.

இரண்டாவது, மூடியின் விளிம்பு கோணுதல். உருக்குத் தகட்டாலான மூடியை அளவுக்குமேல் இறுக்கினால், போல்ற்றுத் துளையைச் சூழ்ந்த பகுதி கீழ்நோக்கிக் குழியும். இரண்டு போல்ற்றுக்களுக்கு இடைப்பட்ட பகுதி வில்போல் மேலெழும். எண்ணெய் அவ்விடைவெளியாற் கசியும். கசிவைக் கண்டவர் மீண்டும் இறுக்குவர், குழி ஆழமாகும், இடைவெளி பெருகும். இறுக்குதல் பழுதை வளர்க்கும் என மேலே கூறியது இதனாலேயே ஆகும். அலுமினிய வார்ப்பு மூடியோ வளைவதற்குப் பதிலாக வெடிக்கவுங் கூடும்.

மூன்றாவது காரணமே பெரும்பாலோர் கண்ணிற் படாதது. பிஸ்ரன் வளையங்கள் எவ்வளவு நன்றாயிருப்பினும், எரிந்த வாயுவிற் சிறுபகுதி அவற்றைக் கடந்து கீழறைக்குள் இறங்கும். அதனை வெளியேற்றுவதற்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பிறீதர் என்று தொழிலாளர் வழங்குவது இதுவே. இக்குழாய் கரியும் எண்ணெயும் சேர்ந்து அடைபட்டால், வாயு போக வழியின்றி அமுக்கம் ஏறும். கீழறையும் மேல்மூடியின் உட்புறமும் தொடர்புற்றவை ஆதலின், அவ்வமுக்கம் மூடியின்மேலும் தாக்கும். ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்கலாம். மூடி 40 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உடையதெனக் கொள்வோம். அதன் பரப்பு 600 சதுர சென்ரிமீற்றர். அரை மீற்றர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 0.05 கிலோகிராம் அளவினதேயாம். அச்சிறிய அமுக்கங்கூட மூடியை 30 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையோடு மேலே தள்ளும். இந்நிலையிற் புதிய கஸ்கெற் இட்டாலும் அது நெடுநாள் நில்லாது. பௌதிக வகுப்பிற் பஸ்காலின் விதியைப் படிக்கும் மாணவர் அவ்விதி தொழிற்படுமாற்றை இங்கே நேரிற் காணலாம்.

வள்ளத்துக்குரிய சிறப்பு ஒன்றும் உண்டு. விசிறியோடு இணைந்த தண்டு பின்னோக்கித் தாழ்ந்து செல்வதால், எஞ்சினும் பெரும்பாலும் பின்புறஞ் சாய்ந்தே பொருத்தப்படுகின்றது. ஆதலின் மேல்மூடியினுள்ளும் எண்ணெய் பின்மூலையிலேயே தேங்கும். வடிதுளைகள் அடைபட்டிருப்பின் தேக்கம் இன்னும் மிகும். கண்ணுக்கு எட்டாத அப்பின்மூலையே முதலிற் கசியும் இடமாதலும் அதனாலேயே.

நோயையும் அதன் முதற் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவஞ் செய்க என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் காட்டும் நெறி. எஞ்சினுக்கும் அதுவே நெறி. முதலில் எஞ்சினை நன்கு துடைத்து உலர்த்துக. ஐயமுள்ள இடங்களிற் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிப் பத்து நிமிடம் ஓடவிடுக. வெண்மையில் முதலில் ஈரம் எங்குத் தோன்றுகின்றதோ அதுவே ஊற்றுக்கண். கீழே சொட்டும் இடம் அன்று. கசிவது மெல்லியதாய் டீசல் மணம் வீசுமாயின், அது மூடியின் குற்றமன்று. எரிபொருட் குழாயின் குற்றமாகும். சில எஞ்சின்களில் எரிபொருள் மீள்குழாய் மூடியின் உள்ளேயே செல்லும். அது கசிந்தால் எண்ணெயுடன் டீசல் கலந்து, தொட்டியின் எண்ணெய் மட்டம் உயரும். எண்ணெய் குறையவில்லையே என்று மகிழ்தற்கு இடமில்லை; நீர்த்துப்போன எண்ணெய் உறுப்புக்களைக் காக்கமாட்டாது.

அடுத்து மூச்சுக்குழாயைக் கழற்றிக் கழுவுக. அதன் வலையிற் படிந்த கரியை நீக்குக. குழாய் எங்கேனும் மடிந்திருக்கின்றதா எனப் பார்க்க. இவையெல்லாஞ் செய்த பின்னரும், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து புகை விசையோடு குமுறி வெளிவருமாயின், பழுது பிஸ்ரன் வளையங்களிலோ சிலிண்டரிலோ உள்ளது. எந்தக் கஸ்கெற்றும் அதனைத் தீர்க்காது.

மூடியைத் திறப்பதற்கு எஞ்சின் ஆறியிருத்தல் வேண்டும். பழைய கஸ்கெற்றைச் சுரண்டும்போது துண்டுகள் உள்ளே விழாதபடி துளைகளைத் துணியால் மூடுக. பின்னர் அத்துணியை எடுக்க மறவாதிருக்க. மூடியின் உட்புறத்தைக் கூர்ந்து நோக்குக. பால்போன்ற வெண்பசை படிந்திருப்பின் எண்ணெயில் நீர் கலந்துள்ளது. அது வெறும் ஈரக்காற்றின் படிவா, குளிர்நீர்க் கசிவா என்று ஆராய்தல் வேண்டும். திறந்த வேளையில் வால்வு இடைவெளியையும் அளந்து சரிசெய்துகொள்வது நன்று.

தகட்டு மூடியின் விளிம்பை நேர்க்கோல் வைத்துப் பார்த்து, குழிந்த இடங்களைத் தட்டையான கட்டையின்மேல் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்துக. வார்ப்பு மூடியாயின், கண்ணாடியின்மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்யலாம். இருபுறமும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்துப் புதிய கஸ்கெற்றை இடுக. சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசுவது இன்று பெருவழக்காயிற்று. உள்ளே பிதுங்கும் பசை துண்டுதுண்டாய் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப்போய் எஞ்சினையே இழக்க நேரிடும். நூலில் விதித்தாலன்றி அதனை இடவேண்டா. போல்ற்றுக்களை முதலிற் கையாற் பூட்டி, நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக, எஞ்சினுக்குரிய நூலிற் கூறிய அளவுக்கே இறுக்குக. நடுவில் நட்டுக்களாற் பூட்டப்படும் மூடிகளில், நட்டின் கீழுள்ள வளையத்தையும் மாற்றுதல் அவசியம். கசிவு அவ்வழியாகவும் நிகழும்.

ஒரு துளி எண்ணெய்க்கு இத்துணைப் பாடு வேண்டுமா என்று சிலர் வினவலாம். இருபது துளிகள் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர். இரண்டு வினாடிக்கு ஒரு துளி வீழ்ந்தால் மணிக்கு 1800 துளி, அதாவது 90 மில்லிலீற்றர். பன்னிரண்டு மணிநேரப் பயணத்தில் ஒரு லீற்றருக்கு மேல் ஒழுகிவிடும். சிறிய எஞ்சினின் தொட்டி கொள்வதோ சில லீற்றர்களே. அன்றியும், ஒழுகிய எண்ணெய் சூடேறிய புகைக்குழாயின்மேல் வீழ்ந்தால் தீப்பற்றும். எரிபொருளோ எண்ணெயோ தெறிக்கக்கூடிய, 220 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற் சூடேறும் பரப்புக்களைக் காப்புறையிட்டு மூடவேண்டுமெனப் பெருங் கப்பல்களுக்குச் சர்வதேச விதி உண்டு. சிறு வள்ளத்தில் அவ்விதியைச் செயற்படுத்துவோர் வேறெவருமிலர். எஞ்சினைப் பேணுபவரே அதனைச் செய்தல் வேண்டும். அடிநீரோடு கலந்த எண்ணெயை வெளியே இறைத்தால், அது தாம் வலைவீசும் கடலையே கெடுக்கும். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறுதல் தடுப்புச் சட்டம் இந்நாட்டுக் கடலைக் காக்கவே இயற்றப்பட்டது.

தரையில் எஞ்சின் நின்றால் வயல் ஒரு நாள் காத்திருக்கும். வாடைக் காலத்துக் கடல் எவருக்காகவுங் காத்திராது. முல்லைத்தீவுக்குக் கிழக்கே பரந்து கிடப்பது வங்காள விரிகுடா. அங்கே எஞ்சின் நின்ற வள்ளம் காற்றின் வசப்பட்டது. நம் மாணவருட் சிலர் நாளை தொழில்நுட்பம் பயில்வர். சிலர் தந்தையரின் தொழிலை ஏற்பர். யாவராயினும், கசிவைக் கண்டால் ஸ்பனரை எடுக்கும் முன்னர் எண்ணெய் ஏன் வெளிவருகின்றது என்று ஒருமுறை வினவுவாராக.